குரோஸ்னி நகரச் சண்டை: தோற்ற ராணுவம் எதைக் கற்றுக்கொண்டது?

வடமலை எழுதியது:

ரஷ்யாவின் தெற்கே உள்ள செச்சன்யாவின் தலைநகரான குரோஸ்னியில் 1994 டிசம்பர் 31 அன்று நடந்ததை, நகரச் சண்டையைப் பற்றி எழுதும் எவரும் தவறாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். பெரிய ரஷ்யக் கவசப்படை ஒன்று நகருக்குள் நுழைந்தது, ஆர்பிஜி (தோளில் வைத்து ஏவும் டாங்கி எதிர்ப்புக் குண்டு) ஏந்திய சிறு குழுக்களிடம் சிக்கி எரிந்தது, ஆகவே காலாட்படைத் துணையில்லாமல் டாங்கியைத் தெருவுக்குள் அனுப்பக் கூடாது என்று முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ராணுவம் ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நகருக்குத் திரும்பி வந்தது. 2000 பிப்ரவரியில் நகரைப் பிடித்தபோது, 'பாடம் கற்றுக்கொண்ட படை' என்று பல ராணுவ ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பாடம் என்ன, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதைப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோவியத் ஒன்றியம் சிதறிய 1991ஆம் ஆண்டில், சோவியத் விமானப்படையில் மேஜர் ஜெனரலாக இருந்த ஜோகர் துதாயெவ் செச்சன்யாவின் விடுதலையை அறிவித்தார். மாஸ்கோ அதை ஏற்கவில்லை. 1994 நவம்பர் 26 அன்று, துதாயெவுக்கு எதிரான உள்ளூர்க் குழுக்கள் டாங்கிகளோடு குரோஸ்னிக்குள் புகுந்தன. அந்த டாங்கிகளை ஓட்டியவர்களில் பலர் ரஷ்ய ராணுவத்திலிருந்து ரகசியமாக ஒப்பந்தம் செய்து அழைத்துவரப்பட்டவர்கள். அந்தத் தாக்குதல் ஒரே நாளில் நொறுங்கிப் பலர் பிடிபட்டார்கள். அவர்கள் தம் ஆட்கள் அல்லர் என்று பாதுகாப்பு அமைச்சர் பாவெல் கிராச்சொவ் முதலில் மறுத்தார். ஒரே ஒரு வான்குடைப் படை ரெஜிமெண்ட் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் நகரைப் பிடித்துவிடலாம் என்று அவர் பேசியதும் அந்த நாட்களில்தான். டிசம்பர் 11 அன்று ரஷ்யப் படைகள் எல்லையைக் கடந்தன. புத்தாண்டுக்கு முந்தைய நாள் நகருக்குள் நுழையும் ஆணை வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாங்கிகளைத் தனியே தெருவுக்குள் விட்டால் என்ன ஆகும் என்பது நவம்பர் 26 அன்றே கண்முன் நடந்து முடிந்திருந்தது. ஐந்து வாரங்கள் கழித்து அதையே இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். இதை அறியாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தரைப்படையின் துணைத் தளபதிகளில் ஒருவரான எதுவார்த் வொரொபியோவ், படைகள் இந்தப் போருக்கு ஆயத்தமாக இல்லை என்று கூறி, நடவடிக்கைக்குத் தலைமை ஏற்க மறுத்துப் பதவியிலிருந்து விலகினார். துணைப் பாதுகாப்பு அமைச்சர் போரிஸ் குரோமொவ் வெளிப்படையாக எதிர்த்தார். எச்சரிக்கைகள் கேட்கும் இடத்தில்தான் சொல்லப்பட்டன. கேட்டவர்கள் பொருட்படுத்தவில்லை.

மலைக்கோட்டை எழுதியது:

நல்ல தொடக்கம், வடமலை அவர்களே. நான் காலாட்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், தெருவில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அந்தக் கண்ணோட்டத்தில் சொல்கிறேன்.

நான்கு திசைகளிலிருந்து படைகள் நுழைய வேண்டும் என்பது திட்டம். மேற்கிலும் கிழக்கிலும் இருந்து வர வேண்டியவை தாமதமாயின அல்லது பின்வாங்கின. வடக்கிலிருந்து வந்த மய்கோப் நகரின் 131ஆவது பிரிகேடும், சமாரா பகுதியிலிருந்து வந்த 81ஆவது ரெஜிமெண்டும் பெரிய எதிர்ப்பு இல்லாமலேயே நகரின் நடுப்பகுதிவரை சென்றன. 81ஆவது ரெஜிமெண்ட் சிறிது காலத்துக்கு முன்புதான் கிழக்கு ஜெர்மனியிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. அதன் வாகனங்களில் இருந்த இளைஞர்களில் பலர் கட்டாயச் சேவைக்கு வந்த சில மாதங்களிலேயே, ஒருவரையொருவர் சரியாக அறியாத நிலையில், அவசரமாகக் குழுவாக்கப்பட்டவர்கள். நகரத்தின் விரிவான வரைபடம் கூடப் பல அதிகாரிகளிடம் இல்லை. 131ஆவது பிரிகேட் ரயில் நிலையத்தை அடைந்து அங்கேயே நின்றது. மாலையில் சுற்றிவளைக்கப்பட்டது.

எதிரே இருந்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். செச்சென் தரப்பின் படைத் தலைமை அதிகாரி அஸ்லான் மஸ்காதொவ் சோவியத் பீரங்கிப் படையில் கர்னலாக இருந்தவர். போராளிகளில் பலர் சோவியத் ராணுவத்தில் சேவை செய்தவர்கள். எரியப்போகும் டாங்கியின் பலவீனம் எங்கே என்பதை அதே ராணுவம்தான் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. ஒரு குழுவில் மூன்று நான்கு பேர்: ஆர்பிஜி ஏந்தியவர், இயந்திரத் துப்பாக்கிக்காரர், குறிபார்த்துச் சுடுபவர், குண்டுகளைச் சுமந்து வருபவர். இப்படிப்பட்ட பல குழுக்கள் சேர்ந்து ஒரு தெருவை எடுத்துக்கொள்ளும். முதல் வாகனத்தையும் கடைசி வாகனத்தையும் அடித்து வரிசையை முடக்குவார்கள். பிறகு நடுவில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக, பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் அடிப்பார்கள். டாங்கியின் பீரங்கிக் குழல் மேல்நோக்கி ஏறத்தாழ 14 பாகையும், கீழ்நோக்கி ஐந்தாறு பாகையும் மட்டுமே அசையும். ஆகவே மேல்மாடியில் இருப்பவரையோ நிலவறையின் சிறிய சாளரத்தில் இருப்பவரையோ அருகிலிருந்து அதனால் சுடவே முடியாது. ஆர்பிஜி குண்டைத் தடுக்க டாங்கியின் மேல் பொருத்தும் வெடிகவசப் பெட்டிகள் பல வாகனங்களில் இல்லை. சிலவற்றில் பெட்டி இருந்தும் உள்ளே வெடிமருந்து வைக்கப்படவில்லை. வானொலிப் பேச்சு பெரும்பாலும் மறைகுறி இல்லாமல் வெளிப்படையாக நடந்தது. செச்சென்கள் எல்லோருக்கும் ரஷ்ய மொழி தெரியும். அவர்கள் பேசிய செச்சென் மொழியோ ரஷ்யச் சிப்பாய்களுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்ததோடு நில்லாமல், அதே அலைவரிசையில் பொய்யான ஆணைகளையும் கொடுத்தார்கள்.

பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கின்படி, மய்கோப் பிரிகேட் தன் 26 டாங்கிகளில் 20ஐயும், 120 கவச வாகனங்களில் 102ஐயும் இழந்தது. அதன் தளபதி கர்னல் இவான் சாவின் சுற்றிவளைப்பிலிருந்து வெளியேற முயன்றபோது கொல்லப்பட்டார். கவசம் பூண்ட வாகனத்துக்குள் இருப்பவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் எண்ணம். உள்ளே இருப்பவனுக்குத் தெரிவது கையகலச் சாளரம் காட்டும் சுவர் மட்டுமே. எங்கிருந்து அடிவிழுகிறது என்பதை அவன் ஒருபோதும் அறிவதில்லை. அந்தப் பிள்ளைகளை அப்படி அனுப்பியவர்களை நான் மன்னிக்க ஆயத்தமாக இல்லை.

எழில்நிலா எழுதியது:

இருவருக்கும் நன்றி. எனக்கு ஒரு கேள்வி உண்டு. நிலவறைச் சாளரத்திலிருந்து சுட்டார்கள் என்று மலைக்கோட்டை ஐயா எழுதியிருக்கிறார். அதே நிலவறைகளில்தானே ஊர்மக்களும் ஒளிந்திருந்திருப்பார்கள்? அவர்கள் யார்? ஏன் வெளியேறவில்லை? நான் படித்த கட்டுரைகளில் டாங்கியின் வகைகூட எழுதப்பட்டிருக்கிறது. அவர்களைப் பற்றி ஒரு வரி மட்டுமே இருக்கிறது.

நதிமூலம் எழுதியது:

எழில்நிலா, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

1989ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது குரோஸ்னியில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரஷ்யர்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை நம்பி வளர்ந்த தொழில்நகரம் அது. பொறியாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் தலைமுறைகளாக அங்கே குடியிருந்தார்கள். 1991க்குப் பிறகு பலர் வெளியேறினாலும், வயதானவர்களும் வசதியற்றவர்களும் தங்கிவிட்டார்கள். குண்டுவீச்சு தொடங்கியபோது செச்சென் குடும்பங்களில் பலருக்கு மலையடிவாரக் கிராமங்களில் உறவினர் வீடு இருந்தது; ஏதோ ஒரு வண்டியைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். ரஷ்ய முதியவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலவறையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், உருக்கிய பனியைக் குடித்துக்கொண்டு கிடந்தவர்களில் பெரும்பகுதியினர் அவர்கள்தான். ரஷ்யக் குடிமக்களைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கியதாகச் சொல்லப்பட்ட போரில், ரஷ்ய விமானங்களும் பீரங்கிகளும் கொன்றவர்களில் அந்த ரஷ்யக் குடிமக்கள் பெருந்தொகையினர்.

இதை உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் செர்கேய் கோவல்யோவ். சோவியத் காலத்தில் அரசியல் கைதியாக முகாமில் இருந்தவர். அப்போது அதிபர் யெல்த்சினின் மனித உரிமை ஆணையராக இருந்தார். புத்தாண்டுத் தாக்குதலின்போது அவர் குரோஸ்னியிலேயே, அதிபர் மாளிகையின் நிலவறையில் இருந்தார். மேலே குண்டு விழ, கீழே செச்சென் போராளிகளும் பிடிபட்ட ரஷ்யச் சிப்பாய்களும் அவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். மாஸ்கோ தொலைக்காட்சியில் நகரத்தில் குண்டுவீச்சே இல்லை என்று அறிவித்துக்கொண்டிருந்த வேளையில், அவர் அங்கிருந்து தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். 1995 மார்ச்சில் நாடாளுமன்றம் அவரை ஆணையர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அந்தக் குளிர்காலத்தில் நகரில் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கை இருபதாயிரத்துக்கும் மேல் என்பது அவருடைய குழுவினரின் மதிப்பீடு. பெயர்ப்பட்டியல் எதுவும் முழுமையாகத் தயாரிக்கப்படவில்லை. பலர் முற்றத்திலேயே புதைக்கப்பட்டார்கள்.

காவேரிக்கரை எழுதியது:

உணர்ச்சி புரிகிறது. ஆனால் சமநிலை வேண்டும். நகரத்தைச் சண்டைக்களமாகத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? திறந்த வெளியில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்பது மஸ்காதொவுக்குத் தெரியும். அதனால்தான் நான்கு லட்சம் பேர் வாழ்ந்த நகரின் அடுக்குமாடிகளை அவர் அரணாக்கிக்கொண்டார். கெரில்லாப் போரின் அடிப்படையே இதுதான்: மக்களுக்குள் கலந்து நில், எதிரி சுட்டால் அவன் மக்களைக் கொன்றவன் ஆவான். 1995 ஜூன் 14 அன்று செச்சென் தளபதி பசாயெவின் ஆட்கள் ரஷ்யாவுக்குள் புகுந்து, புத்யோனொவ்ஸ்க் நகர மருத்துவமனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைச் சொல்லாமல் ஒரு தரப்பை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. ஒரு நாட்டின் ராணுவம் தன் நாட்டு நகரத்தை ஆயுதக் குழுவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றா சொல்கிறீர்கள்?

வடமலை எழுதியது:

காவேரிக்கரை அவர்களே, புத்யோனொவ்ஸ்க் மருத்துவமனையில் நடந்தது குற்றம். கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் சாளரத்தில் நிறுத்தியவர்களுக்கு எந்த விடுதலைக் கோரிக்கையும் கேடயமாகாது. அதில் எனக்கு ஒரு துளி தயக்கமும் இல்லை. நகருக்குள் இருந்து சண்டையிடும் முடிவில் மஸ்காதொவுக்கும் துதாயெவுக்கும் பொறுப்பு உண்டு என்பதையும் ஏற்கிறேன். மக்களை முன்னதாகவே வெளியேற்ற அவர்கள் போதுமான முயற்சி எடுக்கவில்லை.

ஆனால் ஒருவரின் குற்றம் மற்றவருடைய கடமையைக் குறைத்துவிடுவதில்லை. நிலவறையில் ஒளிந்திருந்த ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, போராளிகள் தன் மாடியைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கவில்லை. அவர் மீது குண்டு போட்டது போராளிகளின் தவறு என்று சொல்லிவிட்டால், பிறகு எந்தக் குண்டுக்கும் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

புத்தாண்டுத் தோல்விக்குப் பிறகு நடந்தவற்றின் வரிசையைப் பாருங்கள். ஜனவரி முதல் வாரத்திலிருந்து தந்திரம் மாறியது. ஒரு கட்டடத்தைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் பீரங்கியும் விமானமும் அதை நொறுக்கும். பிறகு சிறு தாக்குதல் குழுக்கள் நுழையும். அடுத்த கட்டடத்துக்குப் போகும். ஜனவரி 19 அன்று அதிபர் மாளிகையின் மேல் ரஷ்யக் கொடி ஏற்றப்பட்டது. கொடி ஏறியபோது அந்தக் கட்டடத்தில் எஞ்சியிருந்தது வெறும் கூடு. போராளிகள் அதற்கு முன்பே சுன்ஷா ஆற்றைக் கடந்து தெற்குப் பகுதிக்குப் போய்விட்டார்கள். சண்டை அங்கே பிப்ரவரி இறுதிவரை நீடித்தது. டிசம்பர் 31க்குப் பிறகு ராணுவம் கற்றுக்கொண்டது என்று சொல்லப்படுவது உண்மையில் இதைத்தான்: தன் சிப்பாய்களைத் தெருவில் இழக்காமல் இருக்க, தெருவையே தொலைவிலிருந்து இல்லாமல் ஆக்குவது. சிப்பாயின் உயிரைக் காக்க நினைப்பதில் தவறில்லை. அந்த ஆபத்தை அப்படியே நிலவறையில் இருப்பவரின் தலைக்கு மாற்றிவிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் சூட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மலைக்கோட்டை எழுதியது:

இதில் ஒரு நுட்பத்தைச் சேர்க்க வேண்டும். அதே டிசம்பர் 31 அன்று அதே நகருக்குள் வடகிழக்கிலிருந்து நுழைந்த ஜெனரல் லெவ் ரோக்லினின் படை அழியவில்லை. அவர் தான் வரும் வழியைப் பற்றி எதிரியை ஏமாற்றினார். கடந்து வந்த சாலையில் காவல்நிலைகளை விட்டுவிட்டு, பின்வாங்கும் பாதையைத் திறந்தே வைத்துக்கொண்டு, மெதுவாக முன்னேறினார். இருந்த ஆட்கள் அதே கட்டாயச் சேவைப் பிள்ளைகள்தான், ஆயுதமும் அதேதான். தளபதி கவனமாக இருந்தார் என்பது மட்டுமே வேறுபாடு. பின்னர் 'ரஷ்யாவின் வீரர்' என்ற மிக உயர்ந்த பட்டத்தை அவருக்கு அளித்தபோது, சொந்த நாட்டு மண்ணில் நடந்த போருக்காக அதைப் பெற்றுக்கொள்ள முடியாது என்று மறுத்துவிட்டார். அவரையும் நான் புனிதராக்கவில்லை. அவருடைய பீரங்கிகளும் நகரத்தை நோக்கியே சுட்டன. என்றாலும் தெருவில் அழிவதோ தொலைவிலிருந்து அழிப்பதோ தவிர மூன்றாவது வழி இல்லை என்ற வாதத்தை அவருடைய நடத்தை ஓரளவு உடைக்கிறது.

நகரைப் பிடித்தது கடைசியில் எதைக் கொடுத்தது என்பதற்கு 1996 ஆகஸ்ட் சாட்சி. அந்த மாதம் 6ஆம் நாள் அதிகாலையில், ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு செச்சென் போராளிகள் குரோஸ்னிக்குள் ஊடுருவினார்கள். நகரில் அவர்களைப்போல் பல மடங்கு ரஷ்யத் துருப்புகள் இருந்தன. போராளிகள் காவல்நிலைகளோடு மோதி நேரத்தை வீணாக்கவில்லை. அவற்றைச் சுற்றிக் கடந்து சென்று, ஒவ்வொன்றையும் தனித்தனித் தீவாக்கி முற்றுகையிட்டார்கள். மீட்க வந்த கவச வரிசைகள் மறுபடியும் அதே தெருக்களில் எரிந்தன. யெல்த்சின் இரண்டாம் முறை அதிபராகப் பதவியேற்ற ஆகஸ்ட் 9 அன்று, அவருடைய ராணுவம் பிடித்திருந்த நகரம் அவருடைய கையில் இல்லை.

எழில்நிலா எழுதியது:

அதன் பிறகுதான் உடன்பாடு ஏற்பட்டதா?

மலைக்கோட்டை எழுதியது:

ஆம். ஆனால் உடன்பாட்டுக்கு முன்னால் நகரம் இன்னொரு முறை அழிவின் விளிம்புக்குப் போனது. ஆகஸ்ட் 19 அன்று ரஷ்ய ஜெனரல் புலிகோவ்ஸ்கி, 48 மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் முழு நகரத்தின் மீதும் விமானத்தாலும் பீரங்கியாலும் தாக்குவோம் என்று அறிவித்தார். மக்கள் கிடைத்த சாலையில் எல்லாம் ஓடினார்கள். ரஷ்யப் பாதுகாப்பு மன்றச் செயலாளராக இருந்த அலெக்சாந்தர் லெபெத் அங்கே பறந்து வந்து அந்தக் கெடுவை நிறுத்தினார். மாத இறுதியில் கசவ்யூர்த் என்ற ஊரில் அவரும் மஸ்காதொவும் கையெழுத்திட்டார்கள். செச்சன்யாவின் அரசியல் நிலையை 2001 வரை தள்ளிவைத்துவிட்டு ரஷ்யப் படைகள் வெளியேறின. காவேரிக்கரை கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தான்: பேசினார்கள், சண்டை நின்றது.

காவேரிக்கரை எழுதியது:

பேசினார்கள், சண்டை நின்றது, பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். அடுத்த மூன்றாண்டுகளில் செச்சன்யாவில் ஆட்கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மஸ்காதொவ் தேர்தலில் வென்று அதிபரானபோதும் ஆயுதக் குழுத் தலைவர்களை அவரால் அடக்க முடியவில்லை. 1999 ஆகஸ்டில் பசாயெவ் அண்டைப் பகுதியான தாகெஸ்தானுக்குள் படையெடுத்தார். கசவ்யூர்த் உடன்பாட்டை முறித்தது ரஷ்யா மட்டும் அன்று. மேலும், இரண்டாம் முறை ராணுவம் அவசரப்படவில்லை. நகரைச் சுற்றிவளைத்தது, மக்கள் வெளியேற வழி கொடுத்தது, முன்கூட்டி எச்சரித்தது. இதை முன்னேற்றம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நதிமூலம் எழுதியது:

ஆட்கடத்தலைப் பற்றியும் தாகெஸ்தானைப் பற்றியும் நீங்கள் சொன்னது சரி. எச்சரிக்கையைப் பற்றிச் சொன்னதோடு உடன்பட முடியாது. அந்த எச்சரிக்கை எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

1999 டிசம்பர் 6 அன்று விமானங்கள் குரோஸ்னி மீது துண்டறிக்கைகளை வீசின. டிசம்பர் 11க்குள் வெளியேற வேண்டும், அதன் பிறகு நகரில் இருப்பவர்கள் பயங்கரவாதிகளாகவும் கொள்ளையராகவும் கருதப்பட்டு அழிக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். நகருக்குள் அப்போது மின்சாரம் இல்லை. நடக்க முடியாத முதியவர்களும் காயமுற்றவர்களும் உட்படப் பல்லாயிரம் பேர் நிலவறைகளில் இருந்தார்கள். துண்டறிக்கை விழுந்த இடத்திலேயே எறிகணையும் விழுந்துகொண்டிருந்ததால், அதைப் பொறுக்கி எடுக்க வெளியே வருவதே உயிராபத்து. உலக நாடுகள் கண்டித்ததும், அது இறுதி எச்சரிக்கை அன்று என்று ரஷ்ய அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். வெளியேறாதவர் எல்லோரும் எதிரி என்று அறிவிப்பது எச்சரிக்கையாகாது. அது பொதுமகனுக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பை ஒரு காகிதத் துண்டால் பறிக்கும் முயற்சி. அதற்கு முன்பே, அக்டோபர் 21 அன்று ஏவுகணைகள் நகரின் மையச் சந்தை மீதும் மகப்பேறு மருத்துவமனை மீதும் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். தப்பியோடியவர்கள் சென்ற சாலைகளும் பாதுகாப்பாக இருக்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் 'உள்நாட்டு விவகாரம்' என்ற சொல் இந்தப் பேச்சில் எப்போதும் வந்துவிடுகிறது. ரஷ்யாவின் சொந்த அரசியல் சாசன நீதிமன்றமே 1995 ஜூலை 31 அன்று அளித்த தீர்ப்பில், உள்நாட்டு ஆயுத மோதலுக்கான ஜெனீவா உடன்படிக்கைகளின் இரண்டாம் கூடுதல் நெறிமுறை செச்சன்யாவில் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று கூறியது. இரு தரப்பையும் என்பதைக் காவேரிக்கரை அவர்கள் கவனிக்க வேண்டும். மருத்துவமனையைப் பிடித்தவர்களுக்கும் அது பொருந்தும். சட்டம் இல்லாத இடத்தில் இந்தப் போர் நடக்கவில்லை. 1999இல் இந்தத் தீர்ப்பு கையில் இருந்தபோதுதான் அந்தத் துண்டறிக்கை அச்சிடப்பட்டது.

மலைக்கோட்டை எழுதியது:

இரண்டாம் முற்றுகையின் படைத்தொழில் பக்கத்தைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். டாங்கிகள் இம்முறை வரிசையாகத் தெருவுக்குள் ஓடவில்லை. காலாட்படை, குறிபார்த்துச் சுடுபவர், பொறியியல் பிரிவினர், தீச்சுடர் ஏவிகள் என்று கலந்த சிறு பிரிவுகள் முன்னே போயின. டாங்கி பின்னே நின்று சுட்டது. குரோஸ்னியின் முன்னாள் மேயர் பிஸ்லான் கந்தமீரொவைச் சிறையிலிருந்து விடுவித்து, அவருடைய செச்சென் ஆட்களையும் முன்னணியில் பயன்படுத்தினார்கள். 'புராட்டினோ' என்ற ஏவி அமைப்பு கட்டடத் தொகுதிகள் மீது எரிவளிக் குண்டுகளை வீசியது. அந்தக் குண்டு காற்றில் எரிபொருளைப் பரப்பி, பிறகு பற்றவைக்கும். மூடிய அறையிலும் நிலவறையிலும் இருப்பவர்களை அழுத்த அலையே கொன்றுவிடும். கெரில்லாவை நிலவறையிலிருந்து வெளியேற்ற இதைவிட வலிய கருவி இல்லை என்று படைத்தொழில் சொல்லும். அங்கே வேறு எவர் இருக்கிறார் என்று பார்க்க அந்தக் கருவிக்கு வழியில்லை.

அவ்வளவுக்கும் பிறகும் எதிர்த்தாக்குதல்கள் நின்றபாடில்லை. 2000 ஜனவரியில் ஜெனரல் மிகயீல் மலோஃபேயெவ் முன்னணியிலேயே கொல்லப்பட்டார். மினுத்கா சதுக்கத்துக்காக வாரக்கணக்கில் சண்டை நடந்தது. ஜனவரி இறுதியில், பிப்ரவரி தொடக்கத்தில், போராளிகள் இரவில் சுன்ஷா ஆற்றை ஒட்டிய கண்ணிவெடி வயல் வழியாக அல்கான்-கலா கிராமத்தை நோக்கி வெளியேறினார்கள். அவர்களுடைய முக்கியத் தளபதிகள் பலர் அங்கே மாண்டார்கள்; பசாயெவ் ஒரு பாதத்தை இழந்தார். ஆனாலும் எஞ்சியவர்கள் மலைகளை அடைந்தார்கள். போர் அங்கே இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2003இல் ஐ.நா. குரோஸ்னியை உலகிலேயே மிக அதிகமாக அழிக்கப்பட்ட நகரம் என்று குறிப்பிட்டது.

எழில்நிலா எழுதியது:

சிப்பாய்களின் பெற்றோர்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். ரயில் நிலையத்தில் இறந்த பிள்ளைகளை யார் தேடினார்கள்?

மலைக்கோட்டை எழுதியது:

தாய்மார்கள்தான் தேடினார்கள், அம்மா. 'சிப்பாய்களின் தாய்மார்' அமைப்பைச் சேர்ந்தவர்களும், எந்த அமைப்பையும் சேராதவர்களும், மகனின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை நடந்த நகருக்கே போனார்கள். செச்சென் தளபதிகளிடம் நேரில் கேட்டுச் சிலர் பிடிபட்ட மகனை உயிரோடு அழைத்து வந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடமும் உணவும் கொடுத்த செச்சென் பெண்கள் பலர். மற்றவர்கள் ரொஸ்தொவ் நகரில் இருந்த 124ஆவது ராணுவத் தடயவியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். அடையாளம் தெரியாத சடலங்கள் அங்கே ரயில் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே அடையாளம் காணும் பணி முடியவில்லை. தன் படையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிச் சொல்லாத தலைமை, எதிரே இருந்த ஊர்மக்களை எண்ணியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தச் சிப்பாயையும் நிலவறையில் இருந்தவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. இருவரையும் கைவிட்டவர்கள் ஒருவரே.

காவேரிக்கரை எழுதியது:

கடைசி வரியை ஏற்கிறேன். துண்டறிக்கையைப் பற்றி நதிமூலம் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனாலும் போராளிகள் நகரை விட்டு வெளியேறிய பிறகு கிராமம் கிராமமாகப் புகுந்து அந்த மக்களையும் ஆபத்தில் தள்ளினார்கள் என்ற என் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது.

நதிமூலம் எழுதியது:

நிற்கட்டும். அது உண்மை. அதற்கு ராணுவம் எப்படி எதிர்வினையாற்றியது என்பதற்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அல்கான்-கலாவைக் கடந்த போராளிகள் 2000 பிப்ரவரி 4 அன்று கத்யிர்-யூர்த் என்ற பெரிய கிராமத்துக்குள் வந்தார்கள். அது பாதுகாப்பான பகுதி என்று நம்பி, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான அகதிகள் அங்கே தங்கியிருந்தார்கள். ராணுவம் அந்தக் கிராமத்தின் மீது 250, 500 கிலோ எடையுள்ள வான்குண்டுகளை வீசியது. அவற்றின் பாதிப்பு ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆரத்துக்கு இருக்கும். வெள்ளைக் கொடி கட்டிய வண்டியில் வெளியேற முயன்ற ஒரு குடும்பத்தின் மீதும் குண்டு விழுந்தது. மகனையும் உறவுக்காரச் சிறுமிகளையும் இழந்த பெண் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார். 2005 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. போராளிகள் கிராமத்தில் இருந்தார்கள், அவர்களை எதிர்கொள்ள அசாதாரண நடவடிக்கைகள் தேவைப்பட்டிருக்கலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் மக்கள் வாழும் இடத்தில், அவர்களை முன்கூட்டி வெளியேற்றாமல், அத்தகைய ஆயுதத்தைப் பயன்படுத்தியது உயிர்வாழும் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. நெருக்கடி நிலையோ ராணுவச் சட்டமோ அறிவிக்கப்படாததால், சாதாரணச் சட்டப் பின்னணியிலேயே இதைப் பார்க்க வேண்டும் என்றும் கூறியது. காவேரிக்கரை எழுப்பிய கேள்வியும் வடமலை எழுப்பிய கேள்வியும் ஒரே தீர்ப்பில் எடைபோடப்பட்டிருக்கின்றன. எதிரியின் குற்றம் கணக்கில் எடுக்கப்பட்டது, அரசின் கடமை தள்ளுபடி செய்யப்படவில்லை.

அதே கிராமத்தைச் சேர்ந்த மற்றவர்கள் தொடுத்த இன்னொரு வழக்கில், 2010 டிசம்பரில் அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்தது. முதல் தீர்ப்புக்குப் பிறகும் ரஷ்ய அரசு முறையான விசாரணை நடத்தவில்லை என்று அதில் கண்டித்தது. இழப்பீட்டுத் தொகை வழங்க ஆணையிடப்பட்டது. குண்டுவீச்சுக்குக் கட்டளையிட்டவர்கள் எவரும் தண்டிக்கப்படவில்லை.